மாசானம் பேட்

நாள் 203 | 07:30 | வெண்முகடு நிலையம், நிலாத் தென்முனை

காற்றுச் சுத்திகரிப்பு: சரி. தண்ணீர்: 410 லிட்டர். வழிகாட்டிக் கோபுரக் கணினி: 61 டிகிரி.
பணியில்: ஒருவர். எபனேசர், வெப்பப் பொறியாளன்.

பூமிக்குப் போகும் பதிவேடு தனி. இது என்னுடையது. நிலையத்தின் நினைவகத்தில் மட்டும் இருக்கும். யார் எடுத்துப் படித்தாலும் சரி, புரியும்படி எழுதுகிறேன்.

கோபுரம் இங்கிருந்து முந்நூறு மீட்டர். இறங்க வரும் கலங்களுக்குத் தூரமும் உயரமும் சொல்வது அதிலுள்ள கணினிதான். அது 95 டிகிரியைத் தொட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இங்கே காற்று கிடையாது, விசிறி வைத்துப் பயனில்லை. கணினிச் சில்லின், அதாவது சிப்பின், சூடு மேலே இருக்கும் உலோகத் தகட்டுக்கு ஏறி, அங்கிருந்து வெளியே போக வேண்டும். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் பட்டை. சிலிகோன் ரப்பரில் கிராஃபீன் என்ற, சூட்டை நன்கு கடத்தும் கரித் துகள் கலந்தது. தெர்மல் பேட் என்போம். அது ஒழுங்காக இருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

அந்தப் பட்டைக்கு உலகமே வைத்திருக்கும் பெயர் மாசானம் பேட்.

மாசானமுத்து என் கல்லூரித் தோழன். பாளையங்கோட்டையில் ஒரே விடுதி, ஒரே அறை. வெப்பவியல் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டவன். மூன்றாம் முறை தேறியது என் நோட்டைப் பார்த்து. பதினொரு நாளில் 'தும்பி' கலத்தில் அவன் இங்கே வருகிறான். ஐந்து நாள் தங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு குறுங்கோள் பயணம் போகிறான். அவனோடு இருவர்: ஓட்டுநர் நஸ்ரீன், மருத்துவர் கோமதிநாயகம்.

எனக்கு நிலாவில் காவல் வேலை. அவனுக்குப் பயணம்.

நாள் 204 | 16:10

பச்சையாகவே எழுதிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, நான்கு வருடமாக வயிறு எரிகிறது.

நானும் ஒரு பேட் செய்தேன். அவன் செய்த அதே வருடம், அதே ஆய்வுக்கூடத்தில், அடுத்த மேசையில். சூடு கடத்தும் அளவில் என்னுடையது 31. அவனுடையது 22. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் எது பெரிது என்று சொல்லும். தேர்வுக் குழு அவனுடையதை எடுத்தது. நெடுநாள் சோதனையில் அவனுடையது நின்றதாம், என்னுடையதில் சந்தேகமாம். அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அன்றைக்கு அவன் வாங்கி வந்த அல்வாவை நானும் தின்றேன்.

என் சொந்தச் சாமான் கணக்கில் அரைக் கிலோ கிராஃபீன் கொண்டுவந்திருக்கிறேன். மற்றவர்கள் ஊறுகாய் கொண்டுவருவார்கள்.

நேற்று அடுப்பில் என் பேட் ஒன்று வார்த்தேன். இறுக பன்னிரண்டு மணி நேரம் ஆனது. நாளைக் காலை கோபுரத்தில் அவனுடையதைக் கழற்றிவிட்டு இதைப் போடப் போகிறேன். பூமிக்குச் சொல்லவில்லை. அவன் இறங்கியபின் சொல்வேன்: உன்னைப் பத்திரமாக இறக்கியது யாருடைய பேட் தெரியுமா என்று. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாள் 205 | 11:45

மாற்றியாயிற்று. கோபுரக் கணினி: 58 டிகிரி.

மூன்று டிகிரி குறைவு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும். பாயசப் பொட்டலம் ஒன்றை உடைத்துக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தது.

நாள் 207 | 15:20

கோபுரம்: 59.

வேலை இல்லாத நேரத்தில் மாசானம் பேடை ஆராய்ந்தேன். கிடங்கில் நான்கு உபரி இருந்தன. நான்கையும் தபால்தலை அளவுத் துண்டுகளாக வெட்டிச் சூடாக்கினேன், அமுக்கினேன், இழுத்தேன். கோபுரத்தில் கழற்றியதைக் கரைசலில் ஊறப்போட்டு, ரப்பரைக் கரைத்துத் துகளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்கும் என்று பார்த்தேன்.

கிடைக்கவில்லை. உள்ளே துகளெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கின்றன, கோரைப்பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி. சூடு கீழிருந்து மேலே நேராக ஏறிவிடும். என்னுடையதில் துகள் அதிகம், ஆனால் கிடந்தபடி கிடக்கும். அவன் குறைவாகப் போட்டு நிற்க வைத்திருக்கிறான். இவ்வளவுதான் சூட்சுமம். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம்.

நாள் 211 | 07:30

கோபுரம்: 66.

வெப்பமானி பிசகாக இருக்கும். தும்பியிலிருந்து செய்தி:

"ஏல எபி, நல்லாருக்கியால? இன்னும் மூணு நாளு. ஒனக்குன்னு கருப்பட்டி மிட்டாய் கொண்டாரேன். கோமதிநாயகம் டாக்டர் பாதியத் தின்னுட்டாரு. மீதியாவது வரும்."

நன்றி என்று பதில் போட்டேன்.

நாள் 214 | 05:40

கோபுரம்: 84. வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது.

தும்பி இறங்கும் நேரம் 09:15. நிறுத்தி வைக்க முடியாது, நிலாவைச் சுற்றும் பாதைக்குப் போகத் தேவையான எரிபொருள் அவர்களிடம் இல்லை. இந்த வேகத்தில் கோபுரம் எட்டரைக்கெல்லாம் அணைந்துவிடும். இங்கே வழிகாட்டி இல்லாமல் இறங்குவது பள்ளத்தின் விளிம்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

மூன்று பேர்.

நாள் 214 | 06:05

தும்பியிலிருந்து:

"எபி, கோபுரம் எம்பத்தஞ்சுன்னு காட்டுதுல. என்ன ஆச்சு?"

பார்க்கிறேன் என்றேன். மாற்றி வைத்ததைச் சொல்லச் சத்தியமாக வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்:

"எம் பேடுதான் காலி ஆயிருக்கும். ரெண்டு வருசம் ஓடிருக்குல்லா. இங்க பாரு, ஒன் பேடு ஒண்ணாவது செஞ்சு வச்சிருப்ப, ஒன்னைய எனக்குத் தெரியாதா. அதத் தூக்கிப் போடுல. நான் பதிவுல சொல்லிட்டேன். மாசானம் பேடு போயிட்டு, எபனேசர் பேடு போடுதோம்னு."

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

நாள் 214 | 07:10

கணினிப் பெட்டியைக் கழற்றி நிலையத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். திறந்து பார்த்தேன். என் பேடின் ஒரு மூலை தூக்கியிருக்கிறது. தலைமுடி நுழையும் இடைவெளி. துகளை அள்ளிப் போட்டதில் ரப்பர் விறைத்திருக்கிறது. கணினி ஒரு மணி நேரம் உழைக்கும், ஒரு மணி நேரம் ஓயும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒன்பது நாளில் சில்லை விட்டு விலகிவிட்டது. முப்பத்தொன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய, தொட்டால்தானே சூடு ஏறும். அவனுடையது மெத்தென்று ஒட்டிக்கொண்டே இருந்தது.

புதிதாக வார்க்கப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். இருப்பது இரண்டு. உபரி நான்கையும் வெட்டித் தொலைத்தவன் நான்.

துண்டுகள் இருக்கின்றன.

நாள் 214 | 08:20

இருபது துண்டு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் ஓடு பாவுகிற மாதிரி சில்லின் மேல் அடுக்கினேன். அவனுடையதில் சூடு பக்கவாட்டில் போக வேண்டியதில்லை, நேராக மேலே ஏறும். அதனால் முழுதாக இருந்தாலும் ஒன்றுதான், துண்டாக இருந்தாலும் ஒன்றுதான். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் மாட்டினேன்.

கோபுரம்: 79. 71. 65.

நாள் 214 | 09:16

கோபுரம்: 62. தும்பி இறங்கியது. மூவரும் நலம்.

வெட்டிப் போட்ட பிறகும் அவனுடையதுதான் வேலை செய்கிறது. அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. அது அரை நிமிடம் இருந்தது.

நாள் 215 | 10:30

மாசானம் உள்ளே வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். தலையில் வழுக்கை விழுந்திருக்கிறது. எனக்கு விழவில்லை என்பதைக் கவனித்தேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவன் பூமியோடு பேசி முடித்திருந்தான். நிலையத்தின் ஒலிபெருக்கியில் முழுவதும் கேட்டேன்:

"எம் பேடு கோபுரத்துல நிக்கல. எபனேசர் பேடு போட்டதும் அரை மணியில இருவது டிகிரி எறங்குச்சு, நீங்களே பாத்தீங்க. அதே எம் பேடுதான் தும்பியோட கணினியிலயும் இருக்கு. பதினாலு மாசம் போகணும். நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். ஆறு பேடையும் இங்கயே மாத்திருதோம். எபி செய்வான்."

பூமி கேட்டது: "உறுதியாகச் சொல்கிறீர்களா? அது உங்கள் கண்டுபிடிப்பு."

"என்னோடதுங்கறதாலதான் சொல்லுதேன்."

பூமி ஒத்துக்கொண்டது. பதிவேட்டில் எபனேசர் பேட் என்று எழுத்தில் வந்துவிட்டது. நான்கு வருடமாக நான் கேட்ட வார்த்தை.

நாள் 215 | 18:00

அவனுக்குத் துளி வருத்தம் இல்லை. தன் பெயர் போகிறது, என் பெயர் வருகிறது. உட்கார்ந்து கருப்பட்டி மிட்டாய் தின்கிறான். தன் மனைவிக்கு அனுப்பிய செய்தியில் எபி இல்லை என்றால் நாங்கள் இல்லை என்று சொல்லியிருக்கிறான். எனக்கும் போட்டுக் காட்டினான்.

ஜெயித்தும் எனக்கு எரிகிறது. தோற்றுவிட்டு இப்படிச் சிரிக்க அவனுக்கு எப்படி வருகிறது? அந்த இடத்தில் நான் இருந்தால் சாப்பாடே இறங்காது. இதையும் அவன்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாள் 217 | 14:40

சொல்லவில்லை.

ஆறு பேட் வார்த்துவிட்டேன். இந்த முறை சிலிகோனைக் கூட்டி, கிராஃபீனைக் குறைத்தேன். விரலால் அமுக்கினால் அமுங்குகிறது. கோபுரத்தில் போட்டது போல் விறைப்பில்லை. இது நிற்கும். நிற்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அப்படி நின்றுவிட்டால் நான் சொன்னதில் பொய்யே இல்லை, கொஞ்சம் முந்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

சோதிக்க நாள் இல்லை. தும்பி 219இல் கிளம்புகிறது.

நாள் 218 | 12:15

தும்பியின் கணினி அறையில் ஆறையும் என் கையால் பொருத்தினேன். மாசானம் பக்கத்தில் விளக்குப் பிடித்தான். விண்வெளி உடையின் வானொலியில் பேசிக்கொண்டது:

"இன்னும் அரைத் திருப்பு இறுக்கணுமால?"

"போதும்."

"நீ சொன்னாச் சரி."

கழற்றிய ஆறையும் அவன் உபரிப் பெட்டியில் போடப் போனான். எனக்கு வேண்டும் என்றேன். ஆராய்ச்சிக்கு என்றேன். உண்மை அதில்லை. வழியில் ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க அவன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.

"எடுத்துக்கல. தோத்த சாமான எதுக்கு அவ்வளவு தூரம் சொமக்கணும்."

வாங்கிக்கொண்டேன்.

நாள் 219 | 08:00

தும்பி கிளம்பியது. கணினி: 57 டிகிரி. மாசானம் பேட் இருந்தபோது 60.

அதே வார்ப்பில் மிஞ்சிய ஒரு துண்டைச் சோதனை அடுப்பில் போட்டிருக்கிறேன். தும்பியின் கணினி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சூடாகி ஆறும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அடுப்பில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, ஆறு மடங்கு வேகம். அங்கே நடக்கப் போவது எனக்கு முன்கூட்டியே தெரியும்.

நாள் 223 | 09:30

தும்பி: 57.

அடுப்பில் இருந்த துண்டு விலகிவிட்டது. 288 முறை. தும்பிக்குக் கணக்குப் போட்டால் கிளம்பியதிலிருந்து இருபத்துநான்கு நாள்.

அந்தக் கணினி அணைந்தால் காற்றும் அணையும்.

227ஆம் நாள் 14:00 மணிக்குத் தும்பி பெரிய எஞ்சினில் எரிபொருள் எரித்துக் குறுங்கோள் பக்கம் வேகமெடுக்கும். அதற்கு முன் சொன்னால் திரும்பி விடலாம், இங்கே வர ஆறே நாள். எரித்துவிட்டால் அந்த வேகத்தை அடக்கித் திரும்பி வர முப்பத்துமூன்று நாள்.

ஒரே ஒரு துண்டை வைத்து முடிவு சொல்வது முறையில்லை. எந்த ஆய்வுக்கூடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுப்பின் வேகத்தைக் கூட்டி, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சூடாகி ஆறும்படி இரண்டாவது துண்டைப் போட்டிருக்கிறேன்.

நாள் 225 | 13:00

தும்பி: 57. அடுப்பு: 252 முறை, இன்னும் ஒட்டியிருக்கிறது. முதல் துண்டை நான் சரியாக வைத்திருக்க மாட்டேன்.

பூமியிலிருந்து செய்தி. புதிதாகக் கட்டும் கலம் இரண்டுக்கும் என் பேட்தான். ஆய்வுக்கூட வாசலில் பெயர்ப் பலகை மாற்றியிருக்கிறார்கள், படம் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். மாசானத்தின் பெயர் இருந்த ஆணித் துளை தெரிகிறது.

நாள் 226 | 08:10

இரண்டாவதும் நேற்றிரவே விலகிவிட்டது. 291 முறை.

மூன்று துண்டு என்பதுதான் விதி. மூன்றாவதைப் போட்டேன்.

விதியாவது மண்ணாவது. எனக்குத் தெரியும். முதல் துண்டிலேயே தெரியும். சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன்: கோபுரத்தில் இருந்தது உன் பேட் அல்ல, என்னுடையது. கெட்டது என்னுடையது. உன்னைக் காப்பாற்றியது உன்னுடையது. மூன்றே வரி. ஒலிவாங்கி முன்னால் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர்ப் பலகைதான் கண்ணில் நின்றது.

நாள் 227 | 13:20

இன்னும் நாற்பது நிமிடம்.

நாள் 227 | 13:50

மாசானத்தின் குரல், கலத்துக்குள் பேசுவது இங்கேயும் வருகிறது:

"நஸ்ரீன், ரெடியா? கணினி அம்பத்தேழுலயே நிக்கி பாரு, ஆடல அசங்கல. எபி பேடுன்னா சும்மாவா."

நாள் 227 | 14:06

எரிப்பு முடிந்தது. குறையில்லை.

நாள் 228 | 06:30

தும்பி: 58.

ஒரு டிகிரி. வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. கோபுரத்திலும் இப்படித்தான் தொடங்கியது. 58, 59, அப்புறம் 66.

நாள் 228 | 07:15

அனுப்பிவிட்டேன். மூன்று வரியும், அடுப்புக் கணக்கும், தெரிந்த தேதியும். 223இலேயே தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். பூமிக்கும் ஒரு பிரதி. குரல் போய்ப் பதில் வரப் பத்து விநாடி.

ஒலிவாங்கியை அணைக்காமல், அவனுடைய ஆறு பேடையும் மேசையில் எடுத்து வைத்தேன்.

நாள் 228 | 07:52

நஸ்ரீன் பேசினார். என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். அவருக்கு உரிமை இருக்கிறது.

நாள் 228 | 08:30

மாசானம்:

"எபி. கேட்டுட்டேன். கோபுரத்துல செஞ்சத நீ அன்னைக்கே சொல்லிருந்தாலும் நான் சிரிச்சிருப்பேன்ல. சரி, அதெல்லாம் இப்ப வேண்டாம். கழட்டுன ஆறும் ஒங்கிட்ட இருக்கு, எங்கிட்ட ஒண்ணுமில்ல. பிரிச்சு மறுபடி அமுக்கி வச்சா ஒட்டுமா? எத்தன நாளு தாங்கும்? ஒன் பேடப் பத்தி ஒனக்குத்தான தெரியும். நீ சொல்லு, நான் எழுதிக்கிடுதேன்."

கல்லூரியில் இப்படித்தான் கேட்பான். நீ சொல்லு, நான் எழுதிக்கிடுதேன் என்று. அதற்குப் பிறகு இருபது வருடமாக அவன் என்னிடம் இப்படிப் பாடம் கேட்டதில்லை. கேட்க மாட்டானா என்று நான் இருந்திருக்கிறேன்.

நாள் 228 | 11:40

விலகிய துண்டுகளைப் பிரித்து அமுக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஓரம் பொடிகிறது. பிரிக்காதே என்று அனுப்பினேன்.

இப்படியே ஓடினால் பதினைந்து நாள் என்று அனுப்பினேன். கணினியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் இருபத்தொன்று. ஒருவர் மட்டும் விழித்திருந்து, மற்ற இருவரையும் டாக்டர் மருந்து கொடுத்து உறங்க வைத்தால், காற்றின் தேவை குறையும், கணினிக்கும் வேலை குறையும். அப்போது இருபத்தாறு.

நாள் 228 | 11:41

"இருவத்தாறு. எழுதிட்டேன். திரும்பி வர முப்பத்திமூணு வேணும்ல எபி. இன்னும் ஏழு நாளு. யோசிச்சுச் சொல்லு."

நாள் 230 | 17:25

தும்பி: 60.

அவனுடைய ஆறு பேடும் என் மேசையில் இருக்கின்றன. அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்புகின்றன. காலையிலிருந்து ஒன்பது வழி சொல்லிவிட்டேன். ஒன்பதையும் செய்து பார்த்தார்கள். இருபத்தெட்டு வரை வந்திருக்கிறது.

மணிக்கு ஒரு முறை கூப்பிடுகிறான். திட்டவே மாட்டேன் என்கிறான். வேறு வழி சொல்லு என்கிறான். இதோ வானொலி மறுபடி கூப்பிடுகிறது, போகிறேன்.